கால் தாளில் ஒரு வளைகோடு

என் அம்மங்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும்; அழுகை அதற்குப் பின்னால் வரும். அம்மங்கா என்றால் மாமா பெண். ஸ்ரீரங்கத்தில் எங்களைப் போன்ற குடும்பங்களில் மாமா பெண்ணை அம்மங்கா என்றும் அத்தை பெண்ணை அத்தங்கா என்றும் சொல்வோம். அவள் எனக்கு அம்மங்கா, நான் அவளுக்கு அத்தங்கா. இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. அவர்கள் வீடு சித்திரை வீதியில், எங்கள் வீடு உத்தர வீதியில். நடுவில் ஒரு மதிலும் ஒரு வாசலும்தான்.

ஐம்பதுகளின் கடைசி அது. எஸ்.எஸ்.எல்.சி.க்கு முந்தைய வருஷம் கணக்கு டீச்சர் ஒரு நாள் கட்டம் போட்ட கறுப்புப் பலகையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தாள். அதுவரை நாங்கள் கிராஃபில் நேர்கோடுதான் போட்டிருந்தோம். அன்றைக்கு டீச்சர் பலகையில் எழுதியது ‘ஒய் சமம் எக்ஸ் ஸ்கொயர்’. எக்ஸுக்கு மைனஸ் மூன்றிலிருந்து மூன்று வரை மதிப்புக் கொடுத்து ஒய் என்ன வருகிறது என்று அட்டவணை போடச் சொன்னாள். பிறகு புள்ளிகளை வைத்து இணைக்க வேண்டும். அவ்வளவுதான்.

நான் போட்ட லட்சணத்தைக் கேளுங்கள். மைனஸ் மூன்றை மைனஸ் மூன்றால் பெருக்கி மைனஸ் ஒன்பது என்று எழுதினேன். என் கோடு இடது பக்கம் கொள்ளிடத்தில் விழுந்த மாதிரி நேரே கீழே போய்விட்டது. அது போதாதென்று புள்ளிக்குப் புள்ளி ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்திருந்தேன். டீச்சர் என் தாளைத் தூக்கி வகுப்புக்கே காட்டினாள். “இது என்னம்மா, மாடிப்படியா?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. பக்கத்தில் திரும்பி அம்மங்காவின் தாளைப் பார்த்தேன்.

அவள் ஸ்கேலைத் தொடவே இல்லை. ஏழு புள்ளிகளையும் வைத்துவிட்டு, பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல் ஒரே இழுப்பில் மேலிருந்து கீழே வந்து, அடியில் வளைந்து, மறுபடி மேலே போயிருந்தாள். அந்த வளைவு அத்தனை அழகாக இருந்தது. கணக்குப் போட்டது மாதிரியே இல்லை.

“எப்படிடீ கை நடுங்காம போட்டே?” என்றேன்.

“நடுவுல வேற புள்ளிகள் இல்லேன்னு நெனச்சா நடுங்கும். ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணரை இருக்கு, ஒண்ணேகால் இருக்கு. எல்லாம் அதுஅது எடத்துல உக்காந்துண்டிருக்கு. நாம வெக்கலை, அவ்வளவுதான். அதுகள் மேலயும் கோடு போகணுமோல்லியோ? அப்போ வளைஞ்சுதானே ஆகணும்” என்றாள்.

நான் பின்னால் கணக்கில் பட்டம் வாங்கி, இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்தவள். இதைவிடத் தெளிவாக ஒரு குழந்தைக்கும் நான் சொல்லிக் கொடுத்ததில்லை. அவளுக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும்.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. கிராஃப் என்றால் பைத்தியம். அட்டவணை போட்டதும் ஒய் வரிசையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். “இங்கே மைனஸ் ரெண்டு, அங்கேயும் மைனஸ் ரெண்டு. அப்போ ரெண்டுக்கும் நட்ட நடுவுலதான் அடி இருக்கு” என்பாள். அங்கே ஒரு கோடு போட்டுத் தாளை மடித்தால் இரண்டு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று படியும். இதை டீச்சர் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னாலேயே அவளாகக் கண்டுபிடித்துவிட்டாள். ஸ்கொயருக்கு முன்னால் மைனஸ் போட்டால் வளைவு கவிழ்ந்துகொள்ளும், கடைசி எண்ணை மாற்றினால் அப்படியே மேலேயோ கீழேயோ நகரும் என்பதெல்லாம் எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். அம்மா மண்டபத்துப் படித்துறையில் துணி துவைத்துக்கொண்டே சொல்லுவாள். ஈரக் கையால் கல்லில் வளைவு வளைவாகப் போட்டுக் காட்டுவாள், வெயிலில் உடனே காய்ந்துவிடும்.

இனிமேல் மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமி கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்தால் நான் நிம்மதியாகத் திட்டிவிட்டுப் போயிருப்பேன். மாமாவுக்குப் பெருமாள் கோவிலில் பிரபந்தம் சேவிக்கிற கைங்கர்யம். பெரிய மரியாதை, சின்ன வருமானம், ஐந்து குழந்தைகள். அந்த வீட்டில் மாமி எதையும் முழுசாகச் செலவு பண்ணி நான் பார்த்ததில்லை. தீக்குச்சியை நெடுக்காகப் பிளந்து இரண்டாக்குவாள். ஒரு எலுமிச்சம்பழம் நாலு நாளைக்கு வரும். அப்படிப்பட்ட வீட்டில் கிராஃப் தாள் என்ன பாடு பட்டிருக்கும்!

என் அப்பாவுக்குத் திருச்சியில் ஆபீஸ் வேலை. பெரிய கடை வீதியில் கிராஃப் தாள் கட்டாக வாங்கி வந்து, “ரெண்டு பேரும் எடுத்துக்கோங்கோ” என்று கொடுத்தார். பாதியை நான் அம்மங்காவிடம் கொடுத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால், மாமி ஒவ்வொரு தாளையும் நாலாக மடித்து, நகத்தால் அழுத்தி, நூல் வைத்துக் கிழித்து அடுக்கியிருந்தாள்.

“மாமி, முழுத் தாள்லதான் போடணும், அப்போதான் தெளிவா வரும்” என்றேன்.

“ஒரு வளைசலுக்கு ஒரு முழுத் தாளாடி? மீதி எடமெல்லாம் சும்மாத்தானே கெடக்கு? எழுதாத காகிதத்தைத் தூக்கி எறிஞ்சா சரஸ்வதி நிப்பாளா?” என்றாள் மாமி.

அந்தக் கால் தாளையும் அம்மங்கா நாலாகப் பிரித்துக்கொள்வாள். எக்ஸ் ஒன்றுக்கு ஒரே ஒரு சின்னக் கட்டம், ஒய் ஒன்றுக்கும் அதே. கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒரு வளைகோடு. அதிலும் தப்பே இருக்காது, அதுதான் விசேஷம். வகுப்பில் டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பாள். “பெரிசாப் போடேம்மா” என்பாள். “சரி டீச்சர்” என்பாள் இவள். சொல்லுவாளே தவிர, மறுபடியும் ஒரு மூலையில்தான் ஆரம்பிப்பாள். அவளுக்குக் கை அப்படிப் பழகிவிட்டது.

எஸ்.எஸ்.எல்.சி. வருஷம் ஆரம்பித்ததும் காலேஜ் பேச்சு வந்தது. என் அப்பா எனக்கு ஏற்கெனவே சம்மதம் சொல்லிவிட்டார். காவேரிப் பாலம் தாண்டி, டவுன் பஸ்ஸில் போய் வர வேண்டும். அம்மங்காவுக்கும் கொள்ளை ஆசை. “ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்டி, பஸ்ல எனக்கு ஜன்னலோரம்” என்று தினமும் சொல்லுவாள். அதை மாமாவிடம் யார் சொல்வது? கடைசியில் அவளே சொன்னாள். மாமா நெற்றியில் திருமண் இட்டுக்கொண்டிருந்தார். நானும் அங்கே நின்றிருந்தேன். அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“படிக்கட்டுமே, யார் வேண்டாம்னா? கணக்குல எண்பது வாங்கு. காலேஜுக்கு அனுப்பறேன்” என்றார்.

அம்மங்கா அங்கேயே விழுந்து சேவித்தாள். வீதிக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். எண்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. பள்ளிக்கூடத்துப் பரீட்சைகளில் அதற்கு மேலேயே வாங்கிக்கொண்டிருந்தாள். அங்கே திருத்துகிறவள் எங்கள் டீச்சர்தானே, அவளுக்கு இவளைத் தெரியும். அந்தக் குட்டிக் கோட்டையும் பொறுமையாகப் பார்த்து மார்க் போட்டுவிடுவாள்.

பங்குனியில் பரீட்சை வந்தது. கணக்குப் பரீட்சையன்று மாமி அவளுக்குத் தலையில் மல்லிகைப்பூ வைத்து, “தாயார் சந்நிதியில சேவிச்சுட்டுப் போ” என்று அனுப்பினாள். கேள்வித்தாள் நன்றாகவே இருந்தது. கிராஃப் கேள்விதான் அதிலேயே மார்க் அதிகமான கேள்வி. எக்ஸ் ஸ்கொயர் கூட்டல் எக்ஸ் கழித்தல் நாலு. மைனஸ் நாலிலிருந்து மூன்று வரை கிராஃப் போட்டு, கோடு எக்ஸ் அச்சை எங்கே வெட்டுகிறது என்று தசமத்தில் ஓரிடம் வரைக்கும் திருத்தமாகப் படித்துச் சொல்ல வேண்டும். எனக்கே சுலபமாக இருந்தது. மைனஸ் ஒன்றிலும் பூஜ்யத்திலும் ஒய் மைனஸ் நாலு. அடி நடுவில் மைனஸ் அரையில் இருக்கிறது, நாலுக்கும் இன்னும் கொஞ்சம் கீழே. அவள் சொல்லிக் கொடுத்தபடியே போட்டேன். கோடு ஒன்று புள்ளி ஆறிலும், மைனஸ் இரண்டு புள்ளி ஆறிலும் வெட்டியது.

மணி அடித்து வெளியே வந்தோம். வேப்பமரத்தடியில் அவள் எனக்காக நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“கிராஃப் போட்டியோ?” என்றேன்.

“ஜம்முனு போட்டேன். முழுத் தாள் குடுத்தாடி! நான் ஒரு மூலையில முடிச்சுட்டேன். பாக்கி முழுக்க சுத்தமா இருக்கு, ஒரு பென்சில் கீறல் கூட இல்லை” என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

“வெட்டற எடம் என்ன எழுதினே?” என்று கேட்டேன்.

“ஒண்ணரை. அந்தப் பக்கம் மைனஸ் ரெண்டரை.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கா தெரியாது? யாரும் எதுவும் சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒன்றில் ஒய் மைனஸ் இரண்டு, இரண்டில் பிளஸ் இரண்டு. நடுவில் நேர்கோடாக இருந்தால் சரியாக ஒன்றரையில் வெட்டும். ஆனால் அது வளைகோடு, கொஞ்சம் தள்ளித்தான் வெட்டும். அந்தக் கொஞ்சத்தைக் காட்ட ஒரு சின்னக் கட்டத்தில் இடமே இல்லை. அடியிலிருக்கிற வளைவும் அப்படித்தான், அந்த அளவில் தட்டையாகத்தான் தெரிந்திருக்கும். இவள் ஸ்கேல் வைத்து இழுத்துவிட்டாள் என்று திருத்துகிறவர் நினைத்திருப்பார். வளைவைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான், ஐயோ!

“வளைஞ்சுதானேடி போட்டேன்” என்றாள்.

எழுபத்தாறு வந்தது. எங்கள் வகுப்பில் அதுதான் இரண்டாவது அதிக மார்க். டீச்சர் தானாகவே சித்திரை வீதிக்கு வந்து மாமாவிடம் பேசினாள். “நாலு மார்க்குதானே சுவாமி” என்றாள். “சொன்ன சொல்னு ஒண்ணு இருக்கோல்லியோ” என்றார் மாமா. டீச்சருக்கு மாமி மோர் கொடுத்து அனுப்பினாள். ஆனியில் அம்மங்காவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு மதுராந்தகம் பக்கம், நல்ல மனுஷர், தாலுகா ஆபீஸில் வேலை. நான் காலேஜுக்குப் பஸ் ஏறின முதல் நாள் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்காரப் பிடிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பாலம் முழுக்க நின்றுகொண்டே போனேன், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

வருஷா வருஷம் கோடைக்கு அவள் பிறந்தகம் வருவாள். முதல் வருஷம் கிராஃப் பேச்சை எடுத்தாலே கண் கலங்கும். பிறகு ஒரு குழந்தை, இன்னொரு குழந்தை. கொஞ்சம் கொஞ்சமாக அது அவளுக்கு ஒரு கதையாகிவிட்டது. வந்தவர் போனவர் எல்லாரிடமும் சொல்லுவாள். “ஒரு மூலையில போச்சு என்னோட காலேஜ்! அன்னிக்கு மட்டும் தாளை நெறைச்சுப் போட்டிருந்தேன்னா இன்னிக்கு இவளோட நானும் வாத்தியாரம்மா” என்பாள். சிரித்துக்கொண்டே கையை விரித்து, இவ்வளவு பெரிய தாள் என்று காட்டுவாள். அவள் அகத்துக்காரர்கூடக் கேலி பண்ணுவார். “இவளுக்கு நாலு மார்க் போடாத அந்த மகானுபாவனைத்தான் நான் தேடிண்டிருக்கேன், நமஸ்காரம் பண்ண” என்பார். அவளும் விழுந்து விழுந்து சிரிப்பாள். கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்து உட்கார்ந்துகொள்வாள். “இந்த வருஷம் என்னடி சொல்லிக் குடுத்தா? எனக்கும் சொல்லு” என்பாள். நான் என்ன படித்தேனோ அதையெல்லாம் கேட்டுக்கொண்டு போவாள். அப்போது அவள் முகம் அதே பதினைந்து வயது முகமாக இருக்கும்.

நான் பி.டி. முடித்து உறையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அறுபதுகளின் நடுவில் மாமா ஆசாரியன் திருவடி அடைந்தார். அதற்கு அடுத்த கோடையில் அம்மங்கா வழக்கம்போல் வந்திருந்தாள். அவள் ஊருக்குக் கிளம்புகிற நாள் மத்தியானம், என் வகுப்பு வருஷப் பரீட்சைத் தாள்களை அவர்கள் வீட்டுக் கூடத்துக்கே எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கிராஃப் தாள்களைப் பார்ப்பதென்றால் அவளுக்கு அத்தனை ஆசை. சிவப்புப் பென்சிலை அவள் கையில் கொடுத்துவிட்டேன். ஒவ்வொன்றாகப் பார்த்து, “இது பரவாயில்லை, இவ கை ஸ்திரமா இருக்கு” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு பெண் கோட்டை ரொம்பச் சின்னதாகப் போட்டிருந்தது. அம்மங்கா அதைத் தூக்கி எனக்குக் காட்டினாள்.

“பாரு, இன்னொரு அசடு! ஏண்டி கொழந்தே, தாளை நெறைச்சுப் போடக் கூடாதோ? என்னை மாதிரி காலேஜைக் கோட்டை விடப் போறே” என்று அந்தத் தாளோடு பேசினாள்.

மாமி தூணோரம் உட்கார்ந்து துளசி தொடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்.

“போறுமே, வருஷா வருஷம் அதையே சொல்லிண்டு. எண்பது என்ன, நூறு வாங்கியிருந்தாலும் உன்னை அனுப்பியிருக்கப் போறதில்லை. பரீட்சைக்கு முன்னாடி, தை மாசமே மாப்பிள்ளையாத்துக்கு வாக்குக் குடுத்தாச்சு.”

அம்மங்காவின் கையிலிருந்த பென்சில் நின்றது.

“தை மாசமா?”

“ஆமாம், ரத சப்தமி கழிச்சு ரெண்டு மூணு நாள்ல. நீ அழுதுண்டு சாப்பிடாம கெடப்பேன்னு உங்கிட்டச் சொல்லலை. எண்பதெல்லாம் யார் வாங்கப் போறான்னுதான் அப்பா முன்னாடியே ஒரு பேச்சுக்குச் சொல்லி வெச்சார். சமத்தா படிச்சிண்டிருந்தே. நல்ல எடம், நன்னாத்தானே இருக்கே? இன்னும் ஏன் அந்தக் காகிதத்தைக் கட்டிண்டு அழறே?”

மாமி அதை ஆறுதலாகத்தான் சொன்னாள். சத்தியமாக ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது.

“ஒரு பேச்சுக்கா? அவ உசிரை விட்டுப் படிச்சாளே மாமி! டீச்சர் வாசப்படி ஏறி வந்து கெஞ்சினாளே, அப்பக்கூட வாயைத் தொறக்கலையே நீங்க! மோரைக் குடுத்து அனுப்பினேளே!” என்று கத்தினேன். கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து அழ ஆரம்பித்தது.

“விடுடி” என்றாள் அம்மங்கா. குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுத் தட்டினாள். அது அடங்கியதும் மீதித் தாள்களை எடுத்து, ஒன்று விடாமல் பார்த்து முடித்தாள். எதற்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பென்சிலை என்னிடம் கொடுத்துவிட்டு முகம் அலம்பிக்கொண்டாள். கிளம்பும்போது மாமியைச் சேவித்தாள். மாமி குங்குமச் சிமிழை நகர்த்தி அவளையே இட்டுக்கொள்ளச் சொன்னாள், வாழையிலையில் சுற்றியிருந்த மல்லிகைப்பூவையும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

ஜங்ஷனுக்குப் பஸ் ஏற்ற நான் கூடப் போனேன். அவளுடைய மூத்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மொட்டைக் கோபுரத்துக்கிட்டே நின்றோம். வெயில் இன்னும் தணியவில்லை. “மாமி சொன்னதை மனசுல வெச்சுக்காதே” என்று ஏதோ உளறினேன். உன் தப்பு இல்லை என்று இப்போதாவது தெரிந்ததே, அதுவும் நல்லதுதான் என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கும் கோபம் இல்லை.

“இத்தனை வருஷமா நானே போகலைன்னு நெனச்சிண்டிருந்தேன். கதவு தொறந்துதான் இருந்தது, நான்தான் ஒரு மூலையில தடுக்கி விழுந்துட்டேன்னு. அந்தத் தப்பாவது என்னுதா இருந்ததுடி” என்றாள்.

பஸ் வந்தது. சின்னவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறினாள். அடுத்த கோடைக்கும் வந்தாள், அதற்கடுத்த கோடைக்கும் வந்தாள். குழந்தைகள், ஊர், உடம்பு என்று எல்லாம் பேசினோம். கணக்கைப் பற்றி மட்டும் அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.